கொள்கையில் மாறுபட்டோரும் குழந்தை வளர்ப்பும்



தாயகத்தை விட்டுத் தொலைவில், வேற்று மொழி வழங்கும் நகரங்களில் குடித்தனம் நடத்தும் தமிழர்களுக்குப் பல கவலைகள் உண்டு. வாடகைக் கவலை, மாற்றல் உத்தரவுக் கவலை, கோடை விடுமுறைக்கு ரயிலில் இடம் கிடைக்குமோ என்னும் கவலை ஆகியன வெளியே சொல்லிக்கொள்ளக் கூடியவை. வெளியே சொல்லாமல் நெஞ்சிலேயே வைத்துக்கொள்ளும் கவலை ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் நம்மைப் போல் வளர்வார்களா என்பதே அது.

ஊரில் இருந்தவரை இந்தக் கேள்வி எழவில்லை. கோயில் மணி ஒலித்தது. பாட்டி கதை சொன்னாள். தேர் வந்தால் தெருவே வடம் பிடித்தது. நம்பிக்கையை யாரும் பாடமாக நடத்தவில்லை. காற்றைச் சுவாசிப்பதுபோல் குழந்தை அதைச் சுவாசித்தது. டில்லிக்கோ மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ வந்தபின், பெற்றோரே கோயிலாகவும் பாட்டியாகவும் தெருவாகவும் இருக்க வேண்டியதாயிற்று. இத்தனை சுமையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தகப்பன் ஒருவனிடம், அவன் பிள்ளையின் முன்னிலையில், "நீ நம்புவதற்கு ஆதாரம் என்ன?" என்று எவரேனும் கேட்டுவிட்டால் அவனுக்குச் சினம் வருவதில் வியப்பில்லை. அந்தச் சினத்தின் அடியில் இருப்பது அச்சமே என்பதை நான் தெரிந்துகொள்ளப் பல நாட்கள் ஆயின. தெரிந்துகொண்ட விதத்தை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது எனக்குப் பெருமை தரும் கதையன்று.

1987ஆம் ஆண்டு. டில்லி இராமகிருஷ்ணபுரத்தில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் வாழ்ந்துவந்தோம். 1973இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாத சுவாமி கோயில், எல்லோரும் மலை மந்திர் என்று அழைக்கும் அந்தக் கோயில், எங்களுக்கு நடந்து போகும் தொலைவில் இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் என் மகனை அழைத்துக்கொண்டு படியேறுவேன். அவனுக்கு அப்பொழுது பத்து வயது. நான் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவன். கோயிலின்றி ஒரு வாரம் கழிந்தால் ஏதோ கடனைத் திருப்பித் தராதவன்போல் உணர்பவன்.

எதிர்வீட்டில் குடியிருந்தவர் ஈரோட்டுப் பக்கத்தவர். வேறொரு அலுவலகத்தில் கணக்கராக இருந்தார். பகுத்தறிவுக் கொள்கையில் ஊறியவர். அவர் வீட்டில் விளக்கு மாடம் இல்லை, பூசை இல்லை, நல்ல நாள் கெட்ட நாள் இல்லை. என் மகனைவிட நான்கு வயது மூத்த பெண் ஒருத்தி அவருக்கு இருந்தாள். டில்லிக் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பகல் வெயிலுக்கு ஈடான இன்பம் வேறில்லை என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். புல்தரையில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, வறுத்த வேர்க்கடலையை நடுவில் வைத்துக்கொண்டு, இருவரும் வாதம் புரிவோம். குழந்தைகள் அருகில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கேட்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

எங்கள் வாதம் எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும். நான் சொல்வேன்: "இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்னும் எண்ணம் இல்லாவிட்டால் குழந்தை எப்படி ஒழுக்கமாக வளரும்? யாரும் பார்க்காத இடத்தில் அது ஏன் பொய் சொல்லாது?" அவர் சொல்வார்: "யாரோ பார்க்கிறார் என்பதற்காகப் பொய் சொல்லாதிருப்பது ஒழுக்கமா, பயமா? பயம் தெளிந்த அன்று அந்தப் பிள்ளை என்ன செய்யும்?" நான் குரலை உயர்த்துவேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குக் குரலைவிடக் கசக்கும்.

ஒரு நாள் அவர் வேறொரு கேள்வி கேட்டார். எங்கள் வீட்டில் குப்பை எடுக்க வரும் அம்மையாருக்குத் தண்ணீர் கொடுக்கத் தனிக் குவளை ஒன்று வெளிச் சன்னலில் வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, "எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் கடவுள் அந்தக் குவளையையும் பார்க்கிறாரல்லவா?" என்று கேட்டார். எனக்கு விடை கிடைக்கவில்லை. விடை கிடைக்காதவன் செய்வதையே நானும் செய்தேன். "உங்கள் வீட்டிலே பக்தியில்லை, ஆகையால் எங்கள் வீட்டு ஆசாரம் உங்களுக்கு விளங்காது" என்று சொல்லி எழுந்துவிட்டேன். மகனிடம், "இனிமேல் அந்த வீட்டுக்குப் போகாதே" என்று உத்தரவிட்டேன்.

இரண்டு வாரம் சென்றது. ஒரு மாலையில் நான் அலுவலகத்திலிருந்து வந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. சன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டு நண்பர் நிற்கிறார். அவரோடு பேச எனக்கு மனமில்லை. மகனைக் கூப்பிட்டு, "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்றேன். அவன் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு போய், "அப்பா இல்லை, மாமா" என்று சொன்னான். என் செருப்பு வாசலிலேயே கிடந்தது. நண்பர் அதைப் பார்த்திருப்பார். "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு விளக்கேற்றி வழிபடும் வேளையில் என் மகன் கைகூப்பவில்லை. ஏன் என்று கேட்டேன். அவன் விளக்கையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "சாயங்காலம் நான் சொன்னபோது சாமி பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கும், அப்பா?"

நேயர்களே, நாத்திக நண்பர் ஓராண்டுக் காலம் வாதாடியும் அசைக்க முடியாத என்னை, பத்து வயதுச் சிறுவனின் அந்த ஒரு கேள்வி அசைத்துவிட்டது. அவன் என் கொள்கையை மறுக்கவில்லை. அதை அப்படியே நம்பினான். நம்பியதனால்தான் அவனுக்கு வலித்தது. இறைவன் பார்க்கிறான் என்று எத்தனையோ முறை சொன்ன நான், யாரும் பார்க்கவில்லை என்று எண்ணியே அவனைப் பொய் சொல்ல வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்குச் சென்றேன். என் மகனையும் அழைத்துச் சென்றேன். "நேற்று நான் வீட்டில்தான் இருந்தேன். பொய் சொல்ல வைத்தது நான், பிள்ளைமேல் குற்றமில்லை" என்றேன். நண்பர் என்னை உட்காரச் சொன்னார். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. முந்தின மாலை அவர் வந்தது வாதம் செய்வதற்கன்று. ஊரில் அவருடைய தாயார் காலமாகிவிட்டார் என்று தந்தி வந்திருந்தது. மனைவியும் மகளும் ஓர் உறவினரோடு முன்னதாகவே ரயிலேறியிருந்தார்கள். விடுப்புக் கிடைத்து அவர் புறப்பட ஒரு நாள் ஆகும். அந்த ஓர் இரவு தனியே இருக்க மனமின்றி என் கதவைத் தட்டியிருக்கிறார்.

அதற்குமேல் நான் என்ன சொல்ல? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றிரவு ரயில் நிலையம்வரை உடன் சென்றேன். வழியிலும் இருவரும் கொள்கை பேசவில்லை.

ஊரிலிருந்து திரும்பியபின் அவரே ஒன்றைச் சொன்னார். அங்கே பாட்டியின் படத்தின் முன் பேரக் குழந்தைகள் ஒவ்வொருவராக அகல் விளக்கு ஏற்றினார்களாம். அவருடைய மகளும் ஏற்ற விரும்பினாள். அவர் தடுத்துவிட்டார். "மூடநம்பிக்கைக்கு இடங்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். அவள் கடவுளுக்கு விளக்கேற்றக் கேட்கவில்லை. தன் பாட்டிக்கு விளக்கேற்றக் கேட்டாள் என்பது ரயிலில் வரும்போதுதான் தெரிந்தது. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை" என்றார். அவர் குரலில் பழைய சிரிப்பு இல்லை.

அன்று எங்கள் வாதம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அன்றுதான் அது ஒழுங்காகத் தொடங்கிற்று. அவர் கடைசிவரை நாத்திகராகவே இருந்தார். நான் இன்றும் செவ்வாய்க்கிழமை தவறாதவன். ஆனால் எப்படி வாதிடுவது என்பதை அந்த வாரத்தில் இருவரும் கற்றுக்கொண்டோம். சொல்லப்போனால், நம் முன்னோர் என்றோ வகுத்துவைத்ததைத் தாமதமாகத் தெரிந்துகொண்டோம்.

மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு காதை உண்டு. வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயத்து அறிஞர்களிடம் சென்று, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே சொல்லக் கேட்கிறாள். கடவுளும் மறுபிறப்பும் இல்லை, கண்ணால் காண்பதே உண்மை என்னும் பூதவாதியிடமும் செல்கிறாள். முழுவதும் கேட்டபின்பே மறுக்கிறாள். அவள் மறுக்கும் விதம் நம் பொருளுக்கு மிகப் பொருத்தமானது. கண்ட ஒன்றையே ஏற்பேன் என்கிறாயே, உன் தாயும் தந்தையும் இன்னார் என்பதை ஊகித்தறிவதைத் தவிர வேறு எவ்வாறு நீ அறிவாய் என்னும் கருத்தில் அவள் வினவுகிறாள். பெற்றோரிடம் பிள்ளை வைக்கும் நம்பிக்கையே எல்லா நம்பிக்கைக்கும் முதற்படி என்பது அக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. அந்த முதற்படியைத்தான் நான் "அப்பா வீட்டில் இல்லை" என்னும் மூன்று சொற்களால் ஆட்டிவிட்டேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரை எடுத்துக்கொள்ளுங்கள். சைவ சித்தாந்தத்தை நிலைநாட்ட எழுந்த நூல் அது. ஆயினும் அது சித்தாந்தத்தோடு தொடங்கவில்லை. முதற்பகுதியாகிய பரபக்கத்தில் உலோகாயதம் முதலான பதினான்கு மாற்றுக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறி, அதன்பின் மறுக்கிறது. அதற்குப் பிறகே சுபக்கம் என்னும் தன் பக்கம் வருகிறது. கடவுளே இல்லை என்பவனுக்கு அந்தச் சைவப் பேராசான் முதல் இருக்கை கொடுத்திருக்கிறார். என் வீட்டுப் புல்தரையில் நான் அந்த இருக்கையைக் கொடுக்கவில்லை.

ஆகையால் நாங்கள் முதலில் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான். நான் மறுக்கத் தொடங்குமுன் அவருடைய கருத்தை என் வாயால் சொல்ல வேண்டும்; "ஆம், நான் சொல்வது இதுவே" என்று அவர் தலையசைத்த பின்பே மறுக்கலாம். அவரும் அவ்வாறே. முதல் ஞாயிற்றுக்கிழமை நான் மூன்று முறை சொல்லியும் அவர் தலையசைக்கவில்லை. ஓராண்டாக நான் மறுத்துவந்தது அவர் சொல்லாத ஒன்றை என்று அப்பொழுதுதான் விளங்கிற்று. ஒழுக்கத்துக்கு அடிப்படை வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணர்வதே அடிப்படை என்பது அவர் கொள்கை. அவர் என்னைச் சொன்னபோது நானும் தலையசைக்கவில்லை. இறைவனை நான் காவல்காரனாக மட்டும் கருதுகிறேன் என்று அவர் எண்ணியிருந்தார். துணையாகக் கருதுகிறேன் என்பதை நான் அவருக்குச் சொன்னதே இல்லை.

இரண்டாவது ஏற்பாடு, குழந்தைகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில்லை என்பது. "உன் அப்பா சொல்வது சரியா, நான் சொல்வது சரியா?" என்று அவர் என் மகனிடம் கேட்டதுண்டு, நானும் அவர் மகளிடம் கேட்டதுண்டு. விளையாட்டாகத்தான் கேட்டோம். பெற்றவரைக் காட்டிக்கொடுத்தாலன்றி உண்மையைச் சொல்ல முடியாத நிலையில் ஒரு குழந்தையை நிறுத்துவது விளையாட்டன்று.

மூன்றாவது, "தெரியவில்லை" என்று சொல்ல வெட்கப்படுவதில்லை என்பது. இறந்த பாட்டி எங்கே போனாள் என்று அவர் மகள் கேட்டபோது அவரிடம் விடையில்லை. நல்லவர்களுக்கு ஏன் நோய் வருகிறது என்று என் மகன் கேட்டபோது என்னிடம் விடையில்லை. இல்லாத விடையை இருப்பதுபோல் சொன்னால் குழந்தை அன்று நம்பும். வளர்ந்தபின் அந்த விடையோடு சேர்த்து நம்மையும் தள்ளிவிடும்.

நான்காவது ஏற்பாடு எனக்குக் கடினமானது. அந்தக் குவளையைச் சன்னலிலிருந்து எடுத்துவிட்டேன். மாற்றுக் கொள்கையை மதிப்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று பொருளன்று. பிறரைத் தாழ்த்தும் வழக்கம் ஒன்று நம் நம்பிக்கையின் போர்வைக்குள் ஒளிந்திருந்தால், அதை வெளியே இழுத்துக் காட்டுபவர் நாத்திகராயினும் நமக்கு நன்மையே செய்கிறார். அவர் கேட்டதற்கு ஓராண்டு கழித்து, சொல்லால் அன்றிச் செயலால் விடையளித்தேன். அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன்.

நேயர்களே, எங்கள் இருவரின் சிறு கதையைவிடப் பெரிய கதை ஒன்று நம் நாட்டு வரலாற்றில் உண்டு. ஆந்திரத்தைச் சேர்ந்த கோபராஜு இராமச்சந்திர ராவ் என்பவரைக் கோரா என்று சுருக்கமாக அழைப்பார்கள். 1902இல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ஆசிரியராகப் பணி தொடங்கியவர், கோயம்புத்தூரிலும் கொழும்பிலும் வேலை பார்த்தவர். பிறகு கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டு, பூணூலையும் களைந்தார். அதனால் பெற்றோர் இல்லத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. தம் கொள்கைக்காகக் கல்லூரி வேலையையும் இழந்தார். 1940இல் முதுனூர் என்னும் சிற்றூரில் நாத்திக மையம் ஒன்றை நிறுவினார். 1947இல் அது விஜயவாடாவுக்கு மாறியது. தம் மக்களுக்கு அவர் வைத்த பெயர்களே அவருடைய வளர்ப்பு முறையைச் சொல்லும். உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த 1930இல் பிறந்த மகனுக்கு உப்பு எனப் பொருள்படும் லவணம் என்று பெயர். உலகப் போர் மூண்ட 1939இல் பிறந்தவருக்குச் சமரம் என்று பெயர். தெய்வப் பெயரும் குலப் பெயரும் பிள்ளைகளுக்கு வேண்டா என்பது அவர் எண்ணம்.

இத்தகைய நாத்திகருக்கும், நாள்தோறும் பிரார்த்தனைக் கூட்டம் நடத்திய காந்தியடிகளுக்கும் நெருங்கிய நட்பு உண்டாயிற்று. 1944ஆம் ஆண்டின் இறுதியில் சேவாகிராமத்தில் இருவரும் சந்தித்தார்கள். அடிகள் தம் நம்பிக்கையை மறைக்கவில்லை. கோராவும் தம் மறுப்பை மறைக்கவில்லை. தம்முடைய ஆத்திகம்தான் சரி என்றோ, கோராவின் நாத்திகம் தவறு என்றோ தம்மால் சொல்ல இயலாது, இருவருமே உண்மையைத் தேடுகிறவர்கள் என்னும் பொருள்பட அடிகள் பேசினார். இது பேச்சுக்காகச் சொன்னதன்று. கடவுளே உண்மை என்று சொல்லிவந்த அவர், உண்மையே கடவுள் என்று தம் வாசகத்தைத் திருப்பிக்கொண்டவர். 1931 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அதற்கு விளக்கமும் தந்தவர். கடவுளை மறுப்பவரும் உண்மையை மறுக்க மாட்டார் என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

கொள்கையின் உரைகல் குடும்பம் அல்லவா? கோரா தம் மூத்த மகள் மனோரமாவை ஹரிஜன இளைஞர் ஒருவருக்கு மணமுடிக்க முடிவு செய்தார். மணமக்களில் ஒருவர் ஹரிஜனராக இருந்தால்தான் ஆசி கூறுவது என்று அக்காலத்தில் உறுதி பூண்டிருந்த காந்தியடிகள் மகிழ்ந்து, திருமணத்தைச் சேவாகிராமத்திலேயே நடத்தலாம் என்றார். ஆனால் ஆசிரமத் திருமணத்தில் கடவுளின் பெயரால் உறுதிமொழி எடுப்பது வழக்கம். நாத்திகரின் மகள் அதை எவ்வாறு சொல்வாள்? அடிகள் தயங்கவில்லை. கடவுளின் பெயருக்குப் பதிலாக உண்மையின் பெயரால் உறுதி எடுக்கலாம் என்று இசைந்தார். 1948 ஜனவரி 30 அன்று அவர் மறைந்தார். அவர் விரும்பியபடியே அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சேவாகிராமத்தில் அத்திருமணம் நடந்தேறியது. இவ்வுரையாடல்களைக் கோரா எழுதிய நூல் 1951இல் வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை எழுதியவர் காந்தியடிகளின் அணுக்கத் தொண்டரும் இறை நம்பிக்கையாளருமான கிஷோர்லால் மஷ்ருவாலா.

இந்தக் கதையில் தோற்றவர் யார்? ஒருவரும் தோற்கவில்லை. வென்றது தீண்டாமைக்கு எதிரான ஒரு செயல். கடவுள் உண்டா இல்லையா என்னும் வினாவுக்கு விடை காணுமுன்பே, இருவரும் சேர்ந்து செய்யக் கூடிய நல்ல காரியம் ஒன்று அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

நாங்கள் வாதிட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்துக்குச் சற்று முன்பு, நம் உச்ச நீதிமன்றத்தின் முன்பும் இதுபோன்ற கேள்வி ஒன்று வந்தது. கேரளத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று குழந்தைகள். அவர்களுடைய சமயப் பிரிவின் நம்பிக்கைப்படி, இறைவனைத் தவிர வேறெதையும் துதித்துப் பாடுவது தகாது. ஆகவே பள்ளியில் தேசிய கீதம் பாடப்படும்போது அவர்கள் மரியாதையோடு எழுந்து நிற்பார்கள். ஆனால் பாட மாட்டார்கள். சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது, விசாரணையும் நடந்தது. அக்குழந்தைகள் கீதத்தை அவமதிக்கவில்லை என்றே விசாரணையில் தெரிந்தது. எனினும் 1985 ஜூலையில் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டு 11ஆம் நாள் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் தத்தும் தீர்ப்பளித்தார்கள். எழுந்து நின்று மரியாதை காட்டுவது போதும், பாடியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் ஏதுமில்லை, அக்குழந்தைகளைப் பள்ளியில் மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பு. அந்நம்பிக்கை நமக்கு விந்தையாகத் தோன்றுகிறதா என்பது கேள்வியன்று. அது மனச்சான்றோடு கொள்ளப்பட்டதா என்பதே கேள்வி என்பதும், சகிப்புத்தன்மை நம் மரபிலும் தத்துவத்திலும் அரசமைப்பிலும் ஊறியது, அதை நீர்த்துப்போகச் செய்யலாகாது என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

அந்தத் தீர்ப்பைப் பற்றியும் நாங்கள் வாதிட்டோம். நாட்டுப் பற்றில் தோய்ந்தவன் என்ற முறையில் எனக்கு முதலில் அது உவப்பாக இல்லை. நண்பருக்கோ வேறொரு தயக்கம். "பெற்றோர் ஊட்டிய நம்பிக்கையைக் குழந்தையின் மனச்சான்று என்று எவ்வாறு சொல்வது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம் அரசமைப்பின் 28ஆம் பிரிவு, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிலையங்களில் எவரையும் அவர் சம்மதமின்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ ஈடுபடுத்தலாகாது என்கிறது. வயது வராதவராயின் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் சாவியைப் பெற்றோர் கையில் கொடுத்திருக்கிறது. அந்தச் சாவியால் கதவைப் பூட்டுவதா, திறந்து வைப்பதா என்பது நம் பொறுப்பு. கடைசியில் இருவரும் ஒன்றில் உடன்பட்டோம். அவர் வீட்டுப் பெண் விரும்பினால் எங்களோடு மலை மந்திருக்கு வரலாம். என் மகன் விரும்பினால் அவர் வீட்டுப் புத்தக அலமாரியில் எதையும் எடுத்துப் படிக்கலாம். கூட்டிச் செல்பவரோ புத்தகம் கொடுப்பவரோ, "உன் அப்பா சொல்வது தவறு" என்று சொல்லக் கூடாது. தாம் நம்புவதை மட்டும் சொல்லலாம்.

அந்த ஆண்டுக் கார்த்திகைத் தீபத்தன்று அவர் மகள் எங்கள் வாசலில் ஓர் அகல் ஏற்றினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவள் தந்தை தம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இப்படிக் கதவைத் திறந்து வைத்தால் பிள்ளை நம் வழியை விட்டுப் போய்விடாதா?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். போகலாம், போகாமலும் இருக்கலாம். பூட்டி வைத்த வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். பிள்ளை எந்தக் கொள்கையை ஏற்கும் என்பது நம் கையில் இல்லை. கொள்கையை எப்படிக் கைக்கொள்வது, மாறுபட்டவரை எப்படி நடத்துவது என்பதை அது நம்மிடமிருந்துதான் கற்கும். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இது இன்னும் பொருந்தும். நம் பிள்ளைகளின் வகுப்பில் சீக்கியர் இருப்பர், சமணர் இருப்பர், கிறித்தவரும் இசுலாமியரும் இருப்பர், ஒன்றையும் நம்பாதவரும் இருப்பர். அவர்களோடு ஐம்பது ஆண்டுகள் வாழப் போகிறவர்கள் நம் பிள்ளைகள். அதற்கான பயிற்சி பள்ளியில் தொடங்குவதில்லை. நம் வீட்டுக் கூடத்தில், விருந்தினரோடு நாம் பேசும் பேச்சில் தொடங்குகிறது.

எனக்கு இப்பொழுது எண்பதை நெருங்கும் வயது. நண்பர் ஓய்வு பெற்று ஈரோட்டுக்குத் திரும்பினார். சென்ற சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவர் விருப்பப்படி சடங்கு ஏதும் நடக்கவில்லை. நான் சென்றிருந்தேன். வெறுங்கையோடு நின்று தலைதாழ்த்தினேன். வீட்டுக்கு வந்து என் விளக்கின் முன் அவருக்காக வேண்டிக்கொண்டேன். அவர் இருந்திருந்தால் இதற்கும் ஒரு வாதம் செய்திருப்பார்.

என் மகன் புனேயில் இருக்கிறான். அவன் எதை நம்புகிறான் என்று நான் கேட்பதில்லை. சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். அவனுடைய மகள், "சாமி நிஜமா, அப்பா?" என்று கேட்டாளாம். "என்ன சொல்லட்டும்?" என்றான்.

"நீ உண்மையில் நினைப்பதைச் சொல். தாத்தா என்ன நினைக்கிறார் என்பதையும் சொல். நான் கேட்டால் தலையசைக்கும்படி சொல். எதிர்வீட்டு மாமா என்ன நினைத்தார் என்பதையும் சொல், அவர் கேட்டால் தலையசைத்திருக்கும்படி சொல்" என்றேன்.

சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருந்தீர்கள் என்பதையும் சொல்லலாமா?" என்று கேட்டான்.

சொல்லலாம் என்றேன்.